கையெழுத்துக்கு அடுத்து கைபேசி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, பட்டன் போனை நாமே பயன்படுத்துவது எப்படி என்பது. தலைப்பைப் படிச்சதும் சில பேர் சிரிச்சீங்க. "பச்சையை அமுக்கினா பேசலாம், சிவப்பை அமுக்கினா வைக்கலாம், இதுல பேச என்ன இருக்கு?" என்று யாரோ சொன்னது மேடைக்கே கேட்டுச்சு. நல்ல கேள்விதான். அதுக்குப் பதிலா எங்க ஊர்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா. ஒரு நாள் ராத்திரி அவங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துடுச்சு. மகன் வெளியூர்ல வேலையில் இருக்கான். போன் தலைமாட்டிலேயே இருக்கு. 108 என்கிற நம்பரும் அக்காவுக்குத் தெரியும். ஆனா போன் பூட்டியிருக்கு, பூட்டைத் திறக்கத் தெரியல. போனைக் கையில எடுத்துக்கிட்டு இருட்டுல நாலு வீடு தாண்டி ஓடி, கதவைத் தட்டி, ஒரு காலேஜ் பையனை எழுப்பி, அவன்தான் 108-க்குப் பேசினான். ஆம்புலன்ஸ் வந்துச்சு, அண்ணனும் பிழைச்சாரு. ஆனா அந்தக் கால் மணி நேரத்தை அக்கா இன்னைக்கும் மறக்கல. "கையில சாவி இருந்தும் கதவைத் திறக்கத் தெரியாம நின்னேன் தங்கச்சி" என்று சொல்லுவாங்க.

அதுக்கு அடுத்த கூட்டத்துலதான் நாங்க ஒரு தீர்மானம் போட்டோம். சேமிப்பு வாங்கி, கடன் தவணை வரவு வச்சு முடிச்ச பிறகு கால் மணி நேரம் போன் வகுப்பு. ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடம், ஒண்ணே ஒண்ணுதான். தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

கையெழுத்து என்றதும் ஒண்ணு ஞாபகப்படுத்தணும். நம்ம மாநிலத்துல 1989-ல் தருமபுரி மாவட்டத்துல மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்துல, வந்த பெண்கள்ல பல பேர் கைநாட்டு. குழுவுக்கு வந்த பிறகு முதல்ல கத்துக்கிட்டது தன் பேரைத் தானே எழுதுறது. அது ஏன் அவ்வளவு முக்கியம்? என்ன எழுதியிருக்கு என்று தெரியாத காகிதத்துல கைநாட்டு வச்சு நிலத்தையும் நகையையும் இழந்தவங்க நம்ம பாட்டிமார்ல இருந்தாங்க. இன்னைக்கு அந்தக் காகிதம் போனுக்குள்ள வந்துடுச்சு. வங்கி அனுப்புற செய்தி, ஓடிபி, நூறு நாள் வேலைச் சம்பளம், 2023 செப்டம்பர்ல தொடங்கின மகளிர் உரிமைத் தொகை, எல்லாத்துக்கும் தகவல் போன்லதான் வருது. அதைப் படிக்க இன்னொருத்தர் கையை எதிர்பார்த்தா, அதுவும் ஒரு கைநாட்டுதான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி எப்படிக் கத்துக்கிட்டோம் என்று சொல்றேன்.

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம் வச்சோம். சொல்லிக் கொடுக்கிறவங்க போனைத் தொடக்கூடாது. வீட்டுல என்ன நடக்குது? "இது எப்படிப்பா?" என்று கேட்டா, மகன் "குடும்மா" என்று வாங்கி, டக்டக்குன்னு நாலு பட்டனை அமுக்கித் திருப்பிக் கொடுத்துடுறான். வேலை முடிஞ்சுடும், பாடம் முடியாது. அதனால போன் அவங்க கையிலேயே இருக்கணும், நாம வாயால மட்டும் சொல்லணும். நேரம் ஆகும், பரவாயில்லை. களையெடுக்கக் கத்துக்கிட்டது வரப்புல நின்னு பார்த்தா? வயல்ல இறங்கித்தானே!

அடுத்து பயம். "எதையாவது அமுக்கிக் கெட்டுப் போயிடுமோ?" அக்கா, பட்டனை அமுக்கிப் பார்த்துப் பட்டன் போன் கெடாது. உள்ளே எங்கேயாவது போய் வழி தெரியலைன்னா சிவப்புப் பட்டனை அமுக்குங்க, வாசலுக்கு வந்துடலாம். அழிக்கவா என்று கேட்டா மட்டும் நிதானமா இருங்க. இது தெரிஞ்ச பிறகுதான் பல பேர் தைரியமா உள்ளே போய்ப் பார்த்தாங்க.

முதல் பாடம் பூட்டு. சில போன்ல நடுப் பட்டனை அமுக்கி உடனே ஸ்டார், சில போன்ல ஸ்டாரை மட்டும் அமுக்கிப் பிடிக்கணும். உங்க போன்ல எது என்று பார்த்து, கண்ணை மூடிக்கிட்டே பத்துத் தடவை திறந்து பூட்டுங்க. இருட்டுலயும் வரணும். 5-ஆம் நம்பர் பட்டன் மேல விரலை வச்சுத் தடவிப் பாருங்க. சின்னதா ஒரு மேடு தட்டுப்படும். அதை வச்சு மற்ற எல்லா நம்பரையும் கண்ணால பார்க்காமலே பிடிக்கலாம்.

அந்த 5-க்கு இன்னொரு வேலையும் இருக்கு. 2017-ல இருந்து இந்தியாவுல விற்கிற போன்கள்ல அவசர பட்டன் இருக்கணும் என்று மத்திய அரசு விதி போட்டுச்சு. பட்டன் போன்ல 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடிச்சா அவசர உதவிக்கு அழைப்பு போகும். அதைவிடப் பழைய போனா இருந்தா 112 என்று அடிக்கலாம். பெரும்பாலான போன்கள்ல பூட்டியிருந்தாலும் 112 போகும். விளையாட்டுக்கு அடிச்சுப் பார்க்காதீங்க, அந்த நேரத்துல நிஜமாவே ஒருத்தர் உயிருக்குப் போராடிக்கிட்டு இருப்பாரு. ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த நாலையும் நம்ம வீட்டுச் சுவத்துல பெருசா எழுதி வைங்க.

இரண்டாவது பாடம் பேர் பதியறது. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று ஒரு பெரியம்மா பின்வாங்கினாங்க. அவங்களுக்கு வேகமா அழைக்கிற வசதியை வச்சுக் கொடுத்தோம். 2-ஐ அமுக்கிப் பிடிச்சா மகன், 3-ஐப் பிடிச்சா மகள், 4-ஐப் பிடிச்சா குழுவின் பிரதிநிதி. ரெண்டே நாள்ல பழகிட்டாங்க. மகள் வீட்டுக்கு இப்போ அவங்களே பேசுறாங்க. "யாரும் பக்கத்துல இல்லாம என் பொண்ணுகிட்ட மனசு விட்டுப் பேசுனது இப்பத்தான்" என்றாங்க. அதுக்கு மேல ஒரு பரிசு வேணுமா நமக்கு? இன்னொண்ணு, பேர்களை சிம் கார்டுல பதிய வைங்க. போன் தண்ணியில விழுந்து போனாலும் சிம்மை வேற போன்ல போட்டா நம்பரெல்லாம் இருக்கும். முக்கியமான அஞ்சு நம்பரை நோட்டுலயும் எழுதி வைங்க.

மூணாவது, வங்கி அனுப்புற செய்தி. இதுதான் பெரிய பாடம், நாலு கூட்டம் எடுத்துச்சு. செய்தி பெரும்பாலும் இங்கிலீஷ்ல வருது. ஆனா அதுல நமக்கு வேண்டியது மூணே விஷயம். ஒண்ணு, நம்ம கணக்கு நம்பரோட கடைசி மூணு நாலு எண்கள். பாஸ்புக்கை வச்சு ஒத்துப் பாருங்க. ரெண்டு, எவ்வளவு பணம். எண்ணு படிக்கத் தெரியாத பெண் நம்ம குழுவுல யாரு இருக்கா? மூணு, வந்த பணமா, போன பணமா. இதுக்கு ரெண்டு எழுத்தை மட்டும் அடையாளம் பிடிச்சா போதும். வரவு என்றா அந்த வார்த்தை இங்கிலீஷ் சி எழுத்துல ஆரம்பிக்கும், பிறை நிலா மாதிரி, ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த வாசல் வழியா பணம் உள்ளே வருது. பற்று என்றா டி எழுத்து. நாண் கட்டின வில்லு மாதிரி, மூடியிருக்கும். வில்லுல இருந்து அம்பு போன மாதிரி பணம் போயிடுச்சு. கரும்பலகையில பிறையும் வில்லும் வரைஞ்சுதான் சொல்லிக் கொடுத்தோம். படிக்கவே தெரியாத ரெண்டு பேர் இன்னைக்கு செய்தி வந்ததும் பார்த்து "பிறை வந்துருக்கு" என்று சொல்றாங்க.

செய்திப் பெட்டி நிறைஞ்சுட்டா புதுசா வராது. அதனால விளம்பரத்தை அழிச்சுடுங்க, வங்கிச் செய்தியை வைங்க.

இங்கே ஒரு கேள்வி. வங்கியில உங்க கணக்குக்குக் கொடுத்திருக்கிற நம்பர் யாருடையது? கையைத் தூக்கச் சொன்னா எங்க குழுவுலயே பாதிப் பேர் கணக்குல வீட்டுக்காரர் நம்பர் அல்லது மகன் நம்பர் இருந்துச்சு. ஒரு தங்கச்சிக்கு நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறினது மாசக்கணக்கா தெரியல. செய்தி எல்லாம் திருப்பூர்ல வேலை செய்யுற வீட்டுக்காரர் போனுக்குப் போயிருக்கு. அவரு கெட்டவரு இல்லை, பார்க்கவே இல்லை. சம்பாதிச்சவளுக்குத் தெரியணுமா இல்லையா? உங்க ஆதார் கொடுத்து உங்க பேர்ல சிம் வாங்குங்க. பாஸ்புக்கோட வங்கிக்குப் போய் நம்பரை மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்க. குழுக் கணக்குக்கும் இதேதான். பொறுப்பாளர் மாறும்போது கையெழுத்தை மாத்துறோம், போன் நம்பரை மாத்த மறந்துடுறோம். பழைய பொறுப்பாளர் எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும், குழுப் பணத்தோட செய்தி இப்போதைய பொறுப்பாளருக்குத்தான் வரணும். புதுப் பொறுப்பாளர் தீர்மானத்துலயே நம்பர் மாற்றத்தையும் சேர்த்து எழுதிடுங்க. சிம்மை ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாம விட்டுடாதீங்க. நம்பர் ரத்தாகி வேற யாருக்காவது போயிடும், நம்ம வங்கிச் செய்தியும் அவங்களுக்கே போகும்.

நாலாவது, ஓடிபி. முகம் தெரியாதவன் போன் பண்ணி, "வங்கியில இருந்து பேசுறோம், உங்க ஏடிஎம் கார்டு முடங்கிடுச்சு, நம்பர் சொல்லுங்க" என்பான். நல்ல தமிழ்லயே பேசுவான், உங்க பேரைக்கூட சொல்லுவான். ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண், கார்டுக்குப் பின்னாடி இருக்கிற மூணு எண், எதையும் சொல்லாதீங்க. எந்த வங்கியும் போன்ல இதைக் கேட்காது. இ-சேவை மையத்துல நாமே போய் உட்கார்ந்து, நம்ம வேலைக்காகக் கேட்கிறது வேற. அங்கேயும் "இது எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க. முகம் தெரியாதவனுக்கு ஓடிபி சொல்றது வெத்துத் தாள்ல கைநாட்டு வைக்கிறதுதான். ஏமாந்துட்டா அழுதுக்கிட்டு வீட்டுல மறைச்சு வைக்காதீங்க. உடனே 1930-க்கு அடிச்சுப் புகார் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. அந்தப் பெண்ணை "உனக்கு அறிவு இருக்கா?" என்று நாமும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டா அடுத்தவ வாயைத் திறக்க மாட்டா, திருடனுக்குத்தான் லாபம்.

கடைசியா, கால்குலேட்டர். குழு வட்டி கணக்கு எல்லாரும் மனசுலயே போடுவீங்க. ஆனா வெளியில வாங்குற கடனைப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? ஒரு உறுப்பினர் வாரக் கடன் வாங்க இருந்தாங்க. 10,000 என்று எழுதி, 1,000 முன்னாடியே பிடிச்சுக்கிட்டு 9,000 கையில தருவாங்க. வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்டணும். அவங்களையே அமுக்கச் சொன்னோம். 9,000 வாங்கி 10,000 கட்டினா, ரெண்டரை மாசத்துக்குள்ள 1,000 ரூபாய் வட்டி. அதே 9,000 குழுவுல நூத்துக்கு ஒரு ரூபா வட்டியில எடுத்தா மாசம் 90. அசல் குறையவே இல்லைன்னு வச்சாலும் மூணு மாசத்துக்கு 270. போன்ல அந்த ரெண்டு எண்ணையும் பார்த்துட்டு அவங்க ஒண்ணும் பேசல. அடுத்த கூட்டத்துல குழுக் கடனுக்கு மனு எழுதிக் கொடுத்தாங்க. நாங்க யாரும் அறிவுரை சொல்லல, பட்டன்தான் சொல்லுச்சு.

அலாரம், டார்ச் எல்லாம் தனித்தனியா சொல்ல நேரம் இல்லை. பிரஷர் மாத்திரைக்கும் குடிதண்ணி வர்ற நேரத்துக்கும் அலாரம் வச்சுப் பாருங்க, உபயோகம் தானே தெரியும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடிங்க. 15 எண் வரும். அது உங்க போனோட அடையாள எண். சேமிப்புப் புத்தகத்துக்குப் பின்னாடி எழுதி வைங்க. போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் கொடுக்க அது வேணும். ரெண்டு சிம் போடுற போனா இருந்தா ரெண்டு எண் வரும், ரெண்டையும் எழுதுங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். கணக்குப் புத்தகப் பயிற்சி மாதிரி, போன் பயிற்சியையும் எல்லாக் குழுவிலும் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் வைக்கணும். தனியா செலவு இல்லை, வெளியில இருந்து ஆள் வேண்டாம். கத்துக்கிட்ட ஒருத்தி பக்கத்துல இருக்கிறவளுக்குச் சொல்லிக் கொடுத்தா போதும். நம்ம குழுக்கள் வளர்ந்ததே அப்படித்தான். சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு மட்டும் எங்க சட்டத்தை மறுபடியும் ஞாபகப்படுத்துறேன், போனைக் கையில வாங்காதீங்க.