'பின்' என்னும் ஒரு சொல்



சொல்லுக்குப் பொருள் காண்பது உரையாசிரியர் தொழில் என்பர். ஒரே சொல்லின் பொருளுக்காக உச்சநீதிமன்றப் படியேறிய தாயும் உண்டு. அவரும் ஓர் எழுத்தாளரே. கோவையிற் பிறந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதிவரும் கீதா ஹரிஹரன், 1984இல் தம் சிறுவயது மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன் பத்திரங்களுக்கு விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாயே கையொப்பமிடுவதென்று கணவரும் உடன்பட்டிருந்தார். வங்கி ஏற்கவில்லை. தந்தையின் கையொப்பம் வேண்டும். இல்லையேல் தாய் தாம் காப்பாளர் என்பதற்குச் சான்றிதழ் கொணர வேண்டும் என்றது. பெற்றவள் பெற்றவளே என்பதற்குச் சான்றிதழ்!

வங்கி தானாக வகுத்த விதியன்று இது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்து 6ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை; 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. 'பின்' என்பதற்குத் தந்தையின் காலத்துக்குப் பின் என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்தது. இதில் விந்தை என்னவெனில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. நீராட்டவும் சோறூட்டவும் கண்விழிக்கவும் தாயை நம்பிய சட்டம், கையொப்பமிட மட்டும் நம்பவில்லை.

சூழலியலாளர் வந்தனா சிவாவின் வழக்கும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அங்கே மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாமே ஒரே இயற்கைக் காப்பாளர் என்று தந்தை பள்ளிக்கும் எழுதிவந்தார். ஒற்றுமையான இல்லத்தில் வெறும் இடையூறாக நின்ற சொல், பிரிந்த இல்லத்தில் ஆயுதமாயிற்று.

1999 பிப்ரவரி 17இல் தீர்ப்பு வந்தது. 'பின்' என்பதற்கு 'இல்லாதபோது' என்று பொருள் கொள்ளலாம். தந்தை ஊரில் இல்லாமலோ, அக்கறையற்றோ, இயலாதவராகவோ இருப்பினும், இருவரும் இசைந்து பொறுப்பைத் தாயிடம் விட்டிருப்பினும் தாயே இயற்கைக் காப்பாளர் என்றனர் நீதிபதிகள். நல்ல உரைதான், ஆயினும் உரை மாறியதேயன்றி மூலம் மாறவில்லை. அக்கறையுள்ள தந்தை அருகிருக்கும் வரை தாய் இரண்டாமவரே.

அச்சொல் தந்தையரையும் விட்டதில்லை. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாய் முதலில். 'அவருக்குப் பின்' தந்தை. அன்போடு வளர்க்க முன்வரும் தந்தைக்கு அங்கே அதே சுவர். யார் முதல் என்னும் வரிசையே பழுது. அதில் இடம் மாற்றி நிற்பதால் பழுது தீராது. 13ஆம் பிரிவோ குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. நலனை முன்வைத்தால், தாய் என்பதாலோ தந்தை என்பதாலோ ஒருவரை முன்கூட்டியே தள்ளிவைக்க வழியேது?

2015இல் உச்சநீதிமன்றம், மணமாகாத தாய் காப்பாளராக அறிவிக்கப்படுவதற்குத் தந்தைக்கு அறிவிப்பு அனுப்புவது கட்டாயமன்று என்றது. அவ்வாண்டே இந்தியச் சட்ட ஆணையம் தனது 257ஆம் அறிக்கையில், இருவரையும் ஒருங்கே இயற்கைக் காப்பாளராக்கவும், பிரிந்த பெற்றோர் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள இடமளிக்கவும் பரிந்துரைத்தது. காப்புரிமையில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை நீக்குமாறு அதே ஆணையம் தனது 133ஆம் அறிக்கையிலேயே கூறியிருந்தது. அந்த அறிக்கையின் ஆண்டு 1989.