பின்கட்டு வேலை



கிள்ளானில் இருக்கும் ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் மகளுக்குக் கைப்பேசியில் இரண்டு செய்திகள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்" என்பது முதலாவது. "பயமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்பது இரண்டாவது. இவை முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண் என்ன பாடுபடுவாள்!

செய்தி நேராக மகளிடம் போவதில்லை. நடுவே சர்வர் என்னும் கணினி இருக்கிறது. செய்தியைப் பதிந்து வைப்பது, படமிருந்தால் சுருக்குவது, மகளின் கைப்பேசியை ஒலிக்கச் செய்வது எல்லாம் அங்கே நடக்க வேண்டும். அதுவரை தாயைக் காக்க வைத்தால் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவார். ஆகவே செய்தியை வாங்கியதும் "சரி" என்று சொல்லிவிட்டு, மற்றதைப் பின்கட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வேலை செய்யும் கைகளுக்குத் திரெட், அதாவது இழை என்று பெயர்.

வேலையை எப்படிப் பங்கிடுவது? பெரட்டுக்களத்தில் தண்டல் நிரை பிரித்துக் கொடுத்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆளுக்கு இத்தனை மரம் என்று காலையிலேயே பிரித்துவிட்டால், மேட்டு நிரைக்காரர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் ஸ்டோரில் பாலை நிறுத்திவிடுவார். கணினியிலும் இதே குறைதான். இதற்கு மருந்து, வேலைகளைப் பொது வரிசையில் வைத்து, கை ஓய்ந்தவர் அடுத்ததை எடுப்பது.

ஆனால் இங்கேதான் ஆபத்து. தாயின் இரு செய்திகளை இரண்டு இழைகள் எடுத்தால் பின்னது முந்திக்கொள்ளலாம் அல்லவா? அதனால் ஒரு குடும்பத்தின் உரையாடலை ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகவே முடிக்க வேண்டும். வெவ்வேறு குடும்பங்களின் உரையாடல்களைத்தான் பல இழைகளுக்குப் பிரிக்கலாம்.

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் தொலைபேசி வேலைகளுக்காகப் பிறந்த எர்லாங் என்ற கணினி மொழி இதில் பேர்போனது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப் அதை நம்பித்தான் வளர்ந்தது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வேலையாள். அவ்வளவு பேரையும் சில இழைகளே மாறி மாறி நடத்தும். ஓய்ந்த இழை, திணறும் இழையிடமிருந்து வேலையைத் தானே வாங்கிக்கொள்ளும். தண்டல் அதட்ட வேண்டியதில்லை!

இன்னொன்று. வேலையை எடுத்தவுடன் அதை வரிசையிலிருந்து அழித்துவிட்டால், இழை நடுவில் நின்றுபோகும்போது செய்தி தொலைந்துவிடும். முடிந்த பிறகே அழிப்பது நல்லது. அப்போது சில வேளை ஒரே வேலை இருமுறை நடக்கும். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடுகிறார்கள். செய்தி இருமுறை வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பணம் அனுப்பும் வேலையானால், அந்த எண் இல்லாதபோது கணக்கில் இரண்டு முறை கழிந்துவிடும்.