கிருமியைத் தேடிய மருத்துவர்

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். அதிலும் பெண்களின் கருப்பை வாயில் வரும் புற்றுநோய் என்றால் பேச்சே நின்று விடுகிறது. ‘விதி’ என்பார் சிலர். ‘செய்வினை’ என்பார் சிலர். நோயுற்ற தாயோ வெளியே சொல்ல வெட்கப்பட்டு, காலம் கடந்த பிறகே மருத்துவமனைக்குப் போகிறாள். அந்நோயின் காரணத்தைத் தேடிக் கண்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றி இன்று அறிந்து கொள்வோம்.

அவர் பெயர் ஹெரால்ட் ஸூர் ஹௌசன். 1936ஆம் ஆண்டு ஜெர்மனியில், கெல்சன்கிர்ஹன் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்த வட்டாரம் குண்டு வீச்சுக்கு இரையானது. அவருடைய பள்ளிப் படிப்பும் தடைப்பட்டது. ஆயினும் விடாது கற்று 1960இல் மருத்துவரானார். பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நச்சுக்கிருமி ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

1970ஆம் ஆண்டுகளில், ‘ஹெர்பிஸ்’ என்னும் கிருமியே கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என அறிஞர் பலர் நம்பினர். ஸூர் ஹௌசன் புற்றுக் கட்டிகளில் அதைத் தேடினார்; கிடைக்கவில்லை. மருவை உண்டாக்கும் ‘பாப்பிலோமா’ என்ற வேறொரு கிருமியின் மேல் அவர் பார்வை திரும்பியது. பலர் இதை ஏற்கவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் பத்தாண்டுக்கு மேல் உழைத்தனர். அக்கிருமியில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை 1984இலும் புற்றுக் கட்டிகளில் கண்டு பிடித்தனர். உலகில் இப்புற்று காணும் பத்துப் பெண்களில் ஏறத்தாழ எழுவருக்கு இவ்விரண்டுமே காரணம்.

இக்கிருமி எவ்வாறு கெடுதல் செய்கிறது? ரப்பர் மரத்தைத் தாக்கும் வேர் நோயை நாம் அறிவோம். மண்ணுக்குள் வேரை அரித்த பிறகே இலை மஞ்சளாகும். இதுவும் அப்படித்தான். நம் உயிரணு அளவுக்கு மீறிப் பெருகாமல் காக்கும் காவலர்கள் அதனுள்ளேயே இருக்கிறார்கள். கிருமியின் இரண்டு மரபணுக்கள் அந்தக் காவலர்களை முடக்கி விடுகின்றன. காவல் இழந்த அணு கட்டின்றிப் பெருகிப் புற்றாகிறது. இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வலியும் தெரியாது.

இக்கிருமி ஆண் பெண் உறவின் வழியே பரவுகிறது. இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஆகவே யாருடைய ஒழுக்கத்தையும் இதைக் கொண்டு எடை போடுவது அறியாமை. பெரும்பாலோரின் உடல், ஓரிரு ஆண்டுகளில் தன் எதிர்ப்பாற்றலால் கிருமியை விரட்டி விடும். விரட்ட முடியாத சிலருக்கே ஆபத்து.

காரணம் தெரிந்த பின் தடுக்கும் வழியும் பிறந்தது. 1991இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இயான் ஃபிரேசர், ஜியன் ஜோ என்ற இருவர், கிருமியின் மேல் ஓட்டை மட்டும் ஆய்வுக் கூடத்தில் உருவாக்கினர். உள்ளே மரபணு இல்லாத வெற்று ஓடு அது, நோய் தராது. ஆனால் அதைக் கண்ட உடல், மெய்யான கிருமி வந்ததாக எண்ணி எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்து வைத்துக் கொள்ளும். இந்த வழியில் பிறந்த தடுப்பூசி 2006இல் பயனுக்கு வந்தது. ஸூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் 2023இல் காலமானார்.

நம் மலேசிய நாட்டில், 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே இத்தடுப்பூசி போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து ஒப்புதல் கடிதம் வந்தால், பெற்றோரே, அதைப் பையிலேயே கிடக்க விடாதீர்கள். படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். ஐயம் இருந்தால் ஆசிரியரையோ தாதியையோ கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். முன்பே உள்ள கிருமியை ஊசி போக்காது. தடுப்பூசி போட்ட பெண்ணும் வளர்ந்த பின் பரிசோதனையைக் கைவிடலாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் செய்யும் அச்சோதனை சில நிமிடங்களில் முடிந்து விடும். புற்றாக மாறும் முன்பே கண்டால் எளிதில் குணப்படுத்தலாம். மாதவிலக்கு நின்ற பின் இரத்தம் கண்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, நாள் கடத்தாதீர்கள். வேலை முடியட்டும், பிள்ளை வளரட்டும் என்று நோய் காத்திருக்காது.

கண்ணுக்குத் தெரியாத பகையை ஒருவர் கண்டு சொன்னார். இருவர் அதற்குக் கேடயம் செய்தனர். அந்தக் கேடயத்தை நம் பெண் மக்கள் கையில் கொடுப்பது நம் கடமை.