கட்டிக்குப் பெயர் சொல்லும் மரபணு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நோயாளிகளை நேரில் அதிகம் பார்க்காத மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து வரும் திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, 'இது இன்ன கட்டி' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது என் வேலை. காலை எடுப்பதா, கீமோதெரபி கொடுப்பதா, 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ' என்பதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவாகும்.

வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய இடங்களில் வரும் கட்டிகள் எங்களுக்கு அன்றாடம் வருகின்றன, கண் பழகிவிட்டது. எங்களைத் திணற வைப்பவை மென்திசுக் கட்டிகள். தசை, கொழுப்பு, நார்த்திசு, நரம்புறை, இரத்தக்குழாய் ஆகியவற்றில் வருபவை. இவற்றில் புற்றுநோயாக இருப்பவற்றைச் சார்கோமா என்கிறோம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசுச் சார்கோமா ஏறத்தாழ 1 சதவீதம்தான். குழந்தைகளிடம் இந்தப் பங்கு இதைவிடக் கூடுதல். சாதுவான கட்டிகளையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சிறிய மருத்துவமனையில் இருக்கும் ஒரு நோய்க்குறியியலாளர், சில வகைகளைத் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒரு முறைகூடப் பார்க்காமலே ஓய்வு பெறலாம்.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குப் பழக்கமான ஒன்றை வைத்தே சொல்கிறேன். காலை வழிபாட்டில் சீருடையோடு நிற்கும் பிள்ளைகளை மொட்டை மாடியிலிருந்து பாருங்கள். எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஈவிங் சார்கோமா, ராப்டோமயோசார்கோமா, நியூரோபிளாஸ்டோமா, லிம்போமா ஆகிய நான்கும் நுண்ணோக்கியில் அப்படித்தான்: நீலச் சாயம் ஏறிய சிறிய உருண்டை செல்கள், நெருக்கமாக. ஆனால் நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு. செல்லில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் முறை பெரிதும் உதவுகிறது. இன்றும் அதுதான் எங்கள் அன்றாடக் கருவி. இருந்தாலும் ஈவிங் சார்கோமாவுக்காக நாங்கள் பார்க்கும் சி.டி.99 என்ற புரதம் வேறு சில கட்டிகளிலும் தலைகாட்டும்.

இங்கேதான் உங்கள் பாடப்பொருள் வருகிறது. மேல்நிலை வகுப்பில் குரோமோசோம் பிறழ்ச்சிகளை நடத்துகிறீர்கள்: நீக்கம், இரட்டிப்பு, தலைகீழ்த் திருப்பம், இடமாற்றம். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மட்டுமே உரியது என்று பிள்ளைகள் நினைக்கும் அந்த இடமாற்றம்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. இரத்தப் புற்றுநோய் ஒன்றில் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோமை 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள். அது இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதன் விளைவு என்று 1973-இல் காட்டியவர் ஜேனட் ரௌலி. பத்தாண்டு கழித்து, 1983-இல், ஈவிங் சார்கோமாவிலும் அப்படி ஒன்று தெரிந்தது. 11-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்ட மரபணுக்கள் எவை என்பது 1992-இல் தெளிவானது. 22-இல் உள்ள இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற மரபணுவின் முன்பாதியும், 11-இல் உள்ள எஃப்.எல்.ஐ.1 என்பதன் பின்பாதியும் இணைந்து, உடலில் இதற்கு முன் இல்லாத ஒரு புரதத்தை உருவாக்குகின்றன. அது மற்ற மரபணுக்களை இயக்கும் விசையாக மாறிச் செல்லைத் தறிகெட்டுப் பெருக வைக்கிறது. ஈவிங் சார்கோமாவில் சுமார் 85 சதவீதக் கட்டிகளில் இந்த இணைப்பைப் பார்க்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையின் பெயர் 'ஃபிஷ்'. மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. நாம் ஐயப்படும் மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒளிரும் டி.என்.ஏ. துண்டையும், மறுபக்கத்தில் பச்சையாக ஒளிரும் துண்டையும் ஒட்டவிடுகிறோம். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு ஒரு மூலையில், பச்சை ஒரு மூலையில். இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை எண்ண வேண்டும். இதைவிட விரிவாக, கட்டியின் ஆர்.என்.ஏ.வைப் படித்து எந்த மரபணு எதோடு ஒட்டியிருக்கிறது என்று நேரடியாகச் சொல்லும் வரிசையறி முறைகளும் வந்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது நோடுலர் ஃபேசியைடிஸ் என்ற கட்டியின் கதை. முன்கையில் இரண்டு மூன்று வாரத்தில் மளமளவென்று வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்குச் சார்கோமா என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அது சாதுவானது. சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. இதைச் சார்கோமா என்று எண்ணித் தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சை செய்யும் ஆபத்து எப்போதும் இருந்துவந்திருக்கிறது. 2011-இல் இதற்குள்ளும் ஒரு மரபணு இணைப்பு இருப்பது தெரிந்தது: எம்.ஒய்.எச்.9 – யு.எஸ்.பி.6. ஐயமான நேரத்தில் யு.எஸ்.பி.6 உடைந்திருப்பது தெரிந்தால் கத்தியைக் கீழே வைக்கலாம். மரபணுச் சோதனை என்றாலே கெட்ட செய்தி என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அனுபவமுள்ள கண் போதாதா, இது எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் துறையிலேயே இருந்தார்கள். பிரான்சில் நடந்த ஜென்சார்க் ஆய்வு 2016-இல் வெளியானது. சார்கோமாவில் கைதேர்ந்தவர்கள் பார்த்துப் பெயர் சொன்ன 384 நோயாளிகளின் கட்டிகளுக்கு மரபணுச் சோதனையும் செய்தார்கள். 53 பேருக்கு நோயின் பெயரே மாறியது. ஏழு பேரில் ஒருவர்! அவர்களில் 45 பேருக்குச் சிகிச்சையோ நோயின் போக்கு பற்றிய கணிப்போ மாற வேண்டியிருந்தது.

பெயர் சரியாக இருந்தால் மருந்தும் சரியாக அமையும். கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ஃபைப்ரோசார்கோமாவில் இ.டி.வி.6 – என்.டி.ஆர்.கே.3 என்ற இணைப்பு இருக்கும். இந்த வகை இணைப்பைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கையையோ காலையோ இழக்கும் நிலையிலிருந்த குழந்தைகளின் கட்டி சுருங்குவதற்கு ஒரு வழி பிறந்தது.

சோதனைக்கும் எல்லை உண்டு. இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 ஈவிங்கில் மட்டும் உடைவதில்லை. இன்னும் பல கட்டிகளில், சில சாதுவான கட்டிகளில்கூட உடைகிறது. ஆகவே திசுவின் தோற்றம், நோயாளியின் வயது, ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மேலும், சார்கோமாக்களில் பெரும்பங்குக்கு இப்படிப்பட்ட தெளிவான அடையாளம் கிடையாது. குரோமோசோம்கள் தாறுமாறாகக் குலைந்து கிடக்கும். அங்கே பழைய நுண்ணோக்கிதான் துணை.

இப்போது உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்த விஷயம். 'ஜீன் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்' என்றதும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. 'எங்கள் பரம்பரையில் இது இல்லையே டாக்டர்', 'மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்' என்று ஒரு தாய் என் அறை வாசலில் நின்று கேட்டார். மாமியார் வீட்டில் அவருடைய பிறந்த வீட்டையே குறை சொல்லத் தொடங்கியிருந்தார்களாம். நான் சொன்ன இணைப்புகள் தாய் தந்தையிடமிருந்து வருபவை அல்ல. பிறந்த பிறகோ கருவில் வளரும்போதோ, உடலின் ஏதோ ஒரு செல்லில் நடந்த விபத்து. சோதிப்பது கட்டியின் மரபணுவை. குடும்பத்தின் மரபணுவை அல்ல. தம்பிக்கும் அக்காவுக்கும் அது போகாது. விதிவிலக்காகச் சில குடும்பங்களில் டி.பி.53 என்ற மரபணுவின் குறை வழிவழியாக வரும்; 1969-இல் லீ, ஃப்ராமெனி இருவரும் விவரித்தது அது. அதற்கு இரத்தத்தில் தனிச் சோதனை, தனி ஆலோசனை உண்டு. இந்த வேறுபாட்டை நாங்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்புகிறோம். ஊரில் அந்தத் தாய் நம்பிப் பேசக்கூடியவர், பிள்ளையின் வகுப்பாசிரியர்தான். உயிரியல் நடத்துபவர் சொன்னால் மாமியாரும் கேட்பார்.

இன்னும் சில. பிள்ளையின் கையிலோ தொடையிலோ உள்ள வீக்கம் வாரக்கணக்கில் குறையாமல் வளர்ந்தால், 'கபடியில் அடிபட்டது' என்று விட்டுவிடாதீர்கள். ஈவிங் சார்கோமா மிகுதியாக வருவது உங்கள் மாணவர்களின் வயதில்தான். பலருக்கும் அது முதலில் விளையாட்டுக் காயமாகவே தோன்றுகிறது. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஸ்கேன் பார்க்காமல் பக்கத்து கிளினிக்கில் வெட்டி எடுக்கவும் வேண்டாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வெளியூருக்கு மாற்றும்போது அறிக்கையை மட்டும் வாங்கினால் போதாது. திசு பதித்த மெழுகுக் கட்டையையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மரபணுச் சோதனை அந்தக் கட்டையிலிருந்துதான் நடக்கும். அது இல்லாவிட்டால் பிள்ளையை மறுபடி ஊசியால் குத்த வேண்டியிருக்கும். முடிவு வரச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகும். அதுவரை வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பெற்றோரை அவசரப்படுத்தாதீர்கள்.

பின் மேசையில் நுண்ணோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். இடப்பக்க ஸ்லைடு ஈவிங், வலப்பக்கம் லிம்போமா. பெயர்ச் சீட்டை மறைத்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், எது எது என்று சொல்லிப் பாருங்கள்.