இரண்டு என்ஜின் இருந்தும்



2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை காலை. எவரெஸ்ட் சிகரத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிவிட்டுப் புத்தா ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று காத்மாண்டுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பீச்கிராஃப்ட் 1900டி என்ற ரகம். இரண்டு என்ஜின்கள். உள்ளே பயணிகளும் பணியாளர்களுமாக 19 பேர். காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூர் மாவட்டத்தில் கோட்டண்டா என்று ஒரு மலை இருக்கிறது. மேகம் மூடியிருந்த அந்த மலையில் விமானம் மோதியது. 19 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களில் 10 பேர் இந்தியர்கள். அவர்களில் 8 பேர் நம் திருச்சியிலிருந்து போனவர்கள். அன்று திருச்சியில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிருக்கும்!

விசாரணை நடந்தது. அது என்ஜின் மேல் பழியைப் போடவில்லை. அந்த இடத்தில் 6,000 அடி உயரத்தில் வந்திருக்க வேண்டிய விமானம் 5,000 அடியில் வந்தது, மேகத்துக்குள் நுழைந்தது, விமானிகள் மலையைப் பார்க்கவே இல்லை என்று சொன்னது. களைப்பைப் பற்றியும், அனுபவம் குறைந்த துணை விமானியின் கையில் விமானம் இருந்ததைப் பற்றியும் சொன்னது.

அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். இரண்டு என்ஜின் இருந்ததே, ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றாதா? இயல்பான கேள்விதான். ஆனால் இரண்டு என்ஜின் கொண்ட சிறிய விமானங்களின் விபத்துகளைப் பார்த்துக்கொண்டு போனால், அந்த இரண்டாவது என்ஜினை நாம் எவ்வளவு தவறாக நம்பியிருக்கிறோம் என்பது புரியும்.

ஒரு மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியில் இரண்டு மாடுகள். இடத்து மாடு திடீரென்று படுத்துவிடுகிறது. வலத்து மாடு அதே வேகத்தில் இழுக்கிறது. வண்டி நேராகவா போகும்? இடப்பக்கமாகத் திரும்பிச் சாயும். இறக்கைகளில் பக்கத்துக்கு ஒன்றாக என்ஜின் வைத்த விமானத்திலும் இதுவேதான் நடக்கிறது. இடது என்ஜின் நின்றால், வலது என்ஜின் விமானத்தின் மூக்கை இடப்பக்கம் தள்ளும். வாலில் இருக்கும் சுக்கானை விமானி காலால் அழுத்தி அதைச் சரிக்கட்ட வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் சுக்கானுக்கு அந்த வலு இருக்காது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நல்ல என்ஜினே விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு என்ஜின் போனால் பாதி பலம் போகிறது, மீதிப் பாதி இருக்கிறது என்று நினைப்போம். ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம் 40,000 ரூபாய், செலவு 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 22,000. சம்பளம் பாதியாகக் குறைந்தால் கையில் வருவது 20,000. செலவு குறையாது. மிச்சம் வெறும் 2,000. விமானம் மேலே ஏறுவது இந்த மிச்சத்தில்தான். அதனால்தான் ஒரு என்ஜின் நின்றால், ஏறும் திறனில் ஐந்தில் நான்கு பங்கு அல்லது அதற்கும் மேலே போய்விடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதோடு, நின்றுபோன என்ஜினின் விசிறி காற்றில் சும்மா சுழன்றபடி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். விசிறியின் தகடுகளைக் காற்றுக்கு வாகாக விளிம்பு காட்டும்படி திருப்பினால்தான் அந்த இழுவை குறையும்.

பெரிய பயணிகள் விமானம் ஓடுபாதையில் ஓடும்போது ஒரு என்ஜின் போனாலும், மேலே ஏறிப் பத்திரமாகத் திரும்பும் என்று நிரூபித்த பிறகே அதற்கு அனுமதி. 2,700 கிலோவுக்கும் குறைவான, மெதுவாகத் தரையிறங்கக்கூடிய சிறிய ரகங்களுக்கு, ஒற்றை என்ஜினில் ஏறிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வைக்கவில்லை. பார்வைக்கு இரண்டும் இரட்டை என்ஜின்தான். நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எந்த என்ஜின் நின்றது என்பதை அறிய விமானிகளிடம் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. விமானத்தை நேராக வைத்திருக்க எந்தக் கால் அழுத்துகிறதோ, அந்தப் பக்க என்ஜின் உயிரோடு இருக்கிறது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க என்ஜின் செத்துவிட்டது. கேட்க எளிது. தரையிலிருந்து நூறு அடி உயரத்தில், நெஞ்சு படபடக்கும் நேரத்தில், அதைச் செய்வது எளிதில்லை. 2019 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆடிசன் விமான நிலையத்திலிருந்து கிங் ஏர் 350 விமானம் கிளம்பியது. தரையை விட்டெழுந்த சில விநாடிகளில் இடது என்ஜின் வலு இழந்தது. விமானி அழுத்த வேண்டியது வலது கால். முதலில் அழுத்தியது இடது கால். பிறகு திருத்தியும் நேரம் கடந்துவிட்டது. விமான நிலையத்துக் கொட்டகை ஒன்றில் விமானம் மோதியது. 10 பேர் இறந்தார்கள். சரிபார்ப்புப் பட்டியல்களை விமானிகள் பின்பற்றவில்லை என்பதையும் விசாரணை குறித்தது.

சரிபார்ப்புப் பட்டியல் என்றால் என்ன? கிளம்பும் முன் ஒவ்வொரு விசையையும் பெயர் சொல்லி, தொட்டுப் பார்த்து, சரி என்று சொல்லும் பழக்கம். ஆயிரம் தடவை செய்த வேலைக்குப் பட்டியல் எதற்கு என்று தோன்றும். ஆயிரத்தொன்றாவது தடவைக்காகத்தான் அது. 2017 பிப்ரவரி 21 அன்று ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரின் எசன்டன் விமான நிலையத்திலிருந்து ஒரு கிங் ஏர் பி200 கிளம்பியது. ஏறிய சிறிது நேரத்திலேயே இடப்பக்கம் ஒதுங்கி, பக்கத்திலிருந்த வணிக வளாகத்தின் கூரையில் விழுந்தது. விமானியும் அமெரிக்கப் பயணிகள் நான்கு பேரும் இறந்தார்கள். விமானியின் அபயக் குரல் ஏழு முறை வானொலியில் கேட்டது. என்ஜின் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மோதிய நேரத்திலும் இரண்டு என்ஜின்களும் சுழன்றுகொண்டிருந்தன. சுக்கானின் சமநிலையைச் சரிசெய்யும் சிறிய சக்கரம் முழுக்க இடப்பக்கம் திருப்பியிருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு விசாரணையாளர்கள் வந்தார்கள். கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனையில் அந்தச் சக்கரத்தைப் பார்க்கும்படி பட்டியல் சொல்லியே இருந்தது.

இனி, இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைச் சொல்கிறேன். சிறு வயதில் கண்ணாமூச்சி ஆடியிருப்பீர்கள். கண்ணைக் கட்டி நாலு சுற்றுச் சுற்றி விட்டுவிடுவார்கள். நின்ற பிறகும் சுற்றுகிற மாதிரியே இருக்கும். காதுக்குள் இருக்கும் நீர்மம் செய்கிற மாயம் அது. மேகத்துக்குள் நுழைந்த விமானி கண் கட்டப்பட்ட குழந்தை மாதிரிதான். விமானம் சாய்ந்திருக்கும், உடம்போ நேராக இருப்பதாகச் சொல்லும். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்து, 1954இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வெளியே எதுவும் தெரியாத நிலையில், விமானம் கைமீறிப்போகச் சராசரியாக ஆனது 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

பழகியவர்களும் தப்புவதில்லை. 2000 அக்டோபர் 16 இரவு, அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னஹான் தன் மகன் ஓட்டிய செஸ்னா 335 விமானத்தில் தேர்தல் பிரசாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மழை, இருட்டு. விமானம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் முதன்மைக் கருவி விமானியின் எதிரே செயலிழந்தது. எட்டி, வலப்பக்கத்துக் கருவியைப் பார்த்துப் பறக்க வேண்டிய நிலை. திசையும் சாய்வும் புலப்படாமல் விமானம் கீழே விழுந்து அதில் இருந்த மூவரும் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து நடந்த செனட் தேர்தலில் மக்கள் இறந்துபோன கார்னஹானையே வெற்றி பெறச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 22 அன்று டெல்லியில் பனிமூட்டம். எல்லைப் பாதுகாப்புப் படையின் சூப்பர் கிங் ஏர் விமானம் ராஞ்சிக்குக் கிளம்பியது. ஹெலிகாப்டர் ஒன்றைப் பழுதுபார்க்கச் சென்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் அதில் இருந்தார்கள். எழும்பியதுமே தானியங்கிக் கருவியை இயக்கிவிட்டார்கள். போக வேண்டிய திசையைப் பிடிக்கும் நிலையை அதில் தேர்வு செய்யவில்லை. விமானம் இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. அதைத் திருத்தவில்லை. அப்படியே திரும்பி, உயரம் இழந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். இரண்டு என்ஜின்கள் இருந்தும், கருவி இருந்தும் பயனில்லை.

அடுத்தது சுமை. 2001 ஆகஸ்ட் 25. அமெரிக்கப் பாடகி ஆலியா, வயது 22. பஹாமாஸ் தீவுகளில் பாடல் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு செஸ்னா 402பி விமானத்தில் கிளம்பினார். ஏற்றக்கூடிய அளவை மீறி ஆளும் பெட்டியும் ஏறியிருந்தன. பாரம் பின்பக்கமாகத் தேங்கியிருந்தது. எழும்பிய உடனே விமானம் விழுந்து 9 பேரும் மாண்டார்கள். அந்த விமானி அதை ஓட்ட அனுமதி பெற்றவர் இல்லை. அவர் உடலில் மதுவும் கொக்கைனும் இருந்ததும் பிறகு தெரிந்தது. பரிசல்காரர் கரையிலேயே தலை எண்ணி, போதும் என்று சொல்லிவிடுவார். ஆற்றின் நடுவே எண்ணிப் பயன் இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்த ஓடுபாதையில் அப்படிச் சொல்ல ஒருவர் இல்லாமல் போனார்.

கடைசியாக, துணிச்சல். கிரஹாம் ஹில், 1962லும் 1968லும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் உலகச் சாம்பியன். வேகத்துக்கு அஞ்சாதவர். 1975 நவம்பர் 29 இரவு, பிரான்சில் காரைச் சோதித்துவிட்டுத் தன் குழுவினருடன் பைப்பர் ஆஸ்டெக் விமானத்தை அவரே ஓட்டிக்கொண்டு லண்டனுக்கு வடக்கே உள்ள எல்ஸ்ட்ரீ ஓடுதளத்தை நெருங்கினார். கடும் பனிமூட்டம். ஓடுதளத்தை எட்டும் முன்பே ஒரு கோல்ஃப் மைதானத்தில் விமானம் மரங்களில் மோதியது. அவரோடு சேர்த்து 6 பேர் இறந்தார்கள். அத்தகைய வானிலையில் பறப்பதற்கான தகுதிச் சான்று அவருக்குக் காலாவதியாகியிருந்தது. அந்த விமானம் எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் காப்பீடும் கைகொடுக்கவில்லை.

நேயர்களே, இந்தக் கதைகளில் பொதுவாக இருப்பது என்ன என்று பாருங்கள். பெரிய விமான நிறுவனத்தில் வானிலை பார்க்க ஒருவர், எடை கணக்கிட ஒருவர், விமானி களைத்துவிட்டாரா என்று நேரம் குறிக்க ஒருவர், தவறைச் சுட்டிக்காட்டப் பக்கத்திலேயே இன்னொரு விமானி. சிறிய விமானத்தில் இத்தனை பொறுப்பும் பெரும்பாலும் ஓரிருவர் தலையில். கூடவே, காத்திருக்கும் முதலாளி, காத்திருக்கும் கூட்டம், காத்திருக்கும் வீடு. “இப்போதே போயாக வேண்டும்” என்ற அந்த நெருக்கடி எந்தக் கருவியிலும் தெரியாது.

இறந்தவர்கள் நமக்குச் சில காவல்களை விட்டுப் போயிருக்கிறார்கள். 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் இருவரும் சென்ற செஸ்னா 310 காணாமல் போனது. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை அது கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில், மோதினால் தானாகவே சமிக்ஞை அனுப்பும் கருவி அமெரிக்க விமானங்களில் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. நம் கடற்கரையிலும் அப்படி ஒரு தவிப்பு நடந்தது. 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் போன கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் மூன்று பேருடன் மறைந்தது. அதுவும் இரட்டை என்ஜின்தான். கடலடியிலிருந்து அதன் ஒலிக்கருவி விடாமல் எழுப்பிய ஓசையை நீர்மூழ்கிக் கப்பல் கேட்டதால்தான், ஒரு மாதத்துக்கும் மேலான தேடலுக்குப் பிறகு சிதைவுகள் கிடைத்தன. கண்டுபிடிக்க இந்தக் கருவிகள் உதவும். நடக்காமல் தடுக்க மனிதர்தான் வேண்டும்.

திருச்சிக்காரர்கள் 8 பேரிடம் திரும்பி வருகிறேன். அவர்களுக்கும் உயிருக்கும் நடுவே இருந்தது 1,000 அடி உயரமும், விமானிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வும். அவர்கள் கையில் அன்று எதுவும் இல்லை. நம் கையில் ஒன்று இருக்கிறது. நாளை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ மலைநாட்டில், தீவில் இப்படி ஒரு சிறிய விமானத்துக்காகக் காத்திருக்கலாம். வானம் சரியில்லை, பெட்டி அதிகம், உடம்பு முடியவில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று விமானி சொல்லக்கூடும். அப்போது கடிகாரத்தைக் காட்டாதீர்கள். கொடுத்த பணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். “சரி தம்பி, நாளைக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்குங்கள்.