மின்தடையின் நட்டக் கணக்கு

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மின்சாரம் நின்றால் நாம் அனைவரும் வருந்துகிறோம். எத்தனை முறை நின்றது, எவ்வளவு நட்டம் என்று கேட்டாலோ விடை கூற இயலாமல் விழிக்கிறோம். கணக்கில்லாத குறை வெறும் முறையீடாகவே நின்றுவிடும்.

எந்த இயந்திரமும் பழுதுறாமல் இராது. பத்து நாளில் ஒரு நாள் பழுதுறும் இயந்திரம் ஒன்றை மட்டும் நம்பினால், நூறு நாளில் பத்து நாள் இருளே. அத்தகைய மற்றொன்றையும் துணையாக வைத்தால், இரண்டும் ஒருங்கே நிற்பது நூற்றில் ஒரு நாள்தான். ஆனால் இரண்டையும் ஒரே காரணம் தாக்குமாயின் இக்கணக்கு பொய்த்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது இதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

தடையே நேராத ஏற்பாட்டுக்குச் செலவு எல்லையின்றிப் பெருகும். ஆகவே 2023-இல் வெளியான தேசிய மின்சாரத் திட்டம், உற்பத்தி போதாமல் போகக்கூடிய நேரத்துக்கு 0.2 சதவீதம் என்று வரம்பு வைத்தது. ஆண்டுக்குச் சுமார் பதினேழரை மணி நேரம் எனலாம். கிளை முறிந்து கம்பி அறுவதும், டிரான்ஸ்பார்மர் எரிவதும் இதில் சேரா. அவற்றை ஊரில் இருப்போரே கணக்கிட வேண்டும்.

தடையின் விலையும் எல்லா வேளையிலும் ஒன்றன்று. அறுவடை முடிந்த வயலுக்கு ஒரு நாள் தடையால் கேடில்லை. கதிர் வாங்கும் பயிருக்கோ பெருங்கேடு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். குளிரூட்டும் நிலையத்தில் 500 லிட்டர் பால் உள்ளது. லிட்டர் 35 ரூபாய் வீதம் அதன் மதிப்பு 17,500 ரூபாய். பாலைக் கெடுக்கும் நீண்ட தடை ஆண்டுக்கு நான்கு முறை நேர்ந்தால் நட்டம் 70,000 ரூபாய். ஜெனரேட்டருக்கு ஆண்டுச் செலவு 50,000 ரூபாய் எனின், அதை வாங்குவதே சிக்கனம். தடை இரு முறையே நேருமாயின் வாங்குவது வீண். குடிநீருக்கும் பிரசவ அறைக்கும் மட்டும் இவ்வாறு ரூபாய்க் கணக்குப் பார்த்தல் தகாது. அவற்றுக்கு மாற்று ஏற்பாடு எப்போதும் வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். தடை நேர்ந்த நாள், தொடங்கிய மணி, முடிந்த மணி, காரணம், நட்டம் ஆகிய ஐந்தையும் அதில் எழுதுவோம். ஓராண்டு முடிந்ததும் அவ்வேட்டைக் கிராம சபையில் படிப்போம். மின்வாரிய அலுவலரிடமும் காட்டுவோம். எந்தக் கம்பியை முதலில் மாற்ற வேண்டும் என்பதை அவ்வேடே சொல்லும்.