அத்தைப்பாட்டியின் பைண்டு புத்தகங்கள்

என் அத்தைப்பாட்டி வீட்டு மர பீரோவில் ஐந்து தடித்த புத்தகங்கள் இருந்தன. கடையில் வாங்கியவை அல்ல. 1950-இல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கிய நாளிலிருந்து வாராவாரம் அத்தியாயத்தைப் பிரித்தெடுத்து, அடுக்கி வைத்து, பாகம் முடிய முடிய பைண்டருக்குக் கொடுத்துத் தைத்து வாங்கியவை. மணியம் வரைந்த படங்களோடு, மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு அந்த ஐந்து புத்தகங்களில் இருந்தது.

பைண்டர் ஓரத்தைச் சீவியதில் சில பக்கங்களில் வரிக்கடைசி எழுத்துகள் போய்விட்டிருந்தன. அத்தைப்பாட்டி அவற்றையெல்லாம் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதி நிரப்பியிருந்தார். ஓர் அத்தியாயம் முடியும் தாளைத் திருப்பினால் வேறொரு சிறுகதையின் முதல் பக்கம். மிச்சப் பக்கங்கள் பைண்டில் இல்லை. பாதியில் நின்ற அந்தக் கதையைத் தேடித்தான் வெகுகாலம் கழித்து, சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். முழு இதழே கிடைத்தது. கதை மட்டுமா? வாசகர் கடிதம், தலையங்கம், தைல விளம்பரம் என்று அந்த வாரமே கைக்கு வந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதியவர். தனியொருவராகச் சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-இல் சென்னையிலேயே நூலகம் உருவானது. பழைய இதழ்களை இன்று கணினியில் புரட்டுகிறோமே, அவர் போன்றவர்கள் காகிதத்தைக் காப்பாற்றி வைத்ததால்தான் அது முடிகிறது.

சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' சிற்றிதழ் 119 இதழ்கள் வந்தது. அச்சிட்டதே கொஞ்சம்தான். ஆனால் இதழ் நின்ற பிறகும் சந்தாதாரர் வீட்டுப் பரணில் பிரதிகள் இருந்தன. இணையத்தில் மட்டும் வெளியாகும் கதைக்கு அந்தப் பரண் இல்லை. தளத்துக்குக் கட்டணம் கட்டாமல் விட்டால், ஒரே நாளில் எல்லார் கையிலிருந்தும் போய்விடுகிறது. 'கல்கி'யே 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த பீரோதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன், பக்கத்து நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தாளையும் திருப்பி, பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.